மாலை சூட்டி மறப்பதோ?

நாளேடுகளின் நினைவுநாள் பக்கங்களை நாம் தொடர்ந்து படித்து வருகிறோம். நடிகர் ஒருவர் மறைந்து நாற்பது ஆண்டாயிற்று, எழுத்தாளர் ஒருவர் மறைந்து அறுபது ஆண்டாயிற்று என்று கட்டம் கட்டிப் படம் போடுகிறார்கள். பிறந்த ஊர், நடித்த படங்களின் எண்ணிக்கை, பெற்ற பட்டம், இறந்த நாள் எல்லாம் இருக்கும். அம்மனிதர் எதற்காகப் பேசினார், எவரோடு மோதினார், அவர் கேட்ட கேள்விக்கு நாடு விடை சொல்லிற்றா என்பது மட்டும் இராது. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் கிடைக்கும் செய்தியைத் தருவதற்கு இலக்கியப் பக்கம் எதற்கு?

அயலார் ஏடுகள் இப்படி எழுதினால் நமக்கு வியப்பில்லை. நம்மவர் ஏடுகளும் அப்படியே எழுதுவதுதான் நெஞ்சைச் சுடுகிறது. "காலன் கவர்ந்தான்" என்கிறார்கள். "விதி விளையாடியது" என்கிறார்கள். "விண்ணுலகு ஏகினார்" என்றும் எழுதிவிடுகிறார்கள். காலன் எங்கே இருக்கிறான்? விண்ணுலகு எந்தத் திசையில்? எமனையும் எருமையையும் வாழ்நாளெல்லாம் எள்ளி நகையாடிய ஒருவரை, அவர் வாய் மூடிய மறுநாளே எமனிடம் ஒப்படைப்பது என்ன நன்றிக்கடனோ தெரியவில்லை.

ஊரை விட்டு எங்கும் போகவேண்டாம். திருப்பூர் மாவட்டத்துக்கு உரியவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். உடுமலையை அடுத்த பூளவாடியில் 1899 செப்டம்பர் 25 அன்று பிறந்தவர் நாராயணகவி. எளிய குடும்பம், பள்ளிப்படிப்பு தொடரவில்லை. உடுமலை முத்துசாமிக் கவிராயரை ஆசானாகக் கொண்டு நாடகமேடையில் வளர்ந்தார். தேசிய இயக்கப் பாட்டுகளில் தொடங்கிய அவர், பின்னர் பெரியார், அண்ணா, கலைவாணர் ஆகியோரின் பக்கம் வந்து சேர்ந்தார். 1981 மே 23 அன்று மறைந்தார். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. 2008-இல் அஞ்சல் தலையும் வந்தது. மரியாதையில் குறை சொல்ல முடியாது.

ஆனால் திருப்பூரில் ஏதேனும் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். ஓவர்லாக் இரைச்சலுக்கு மேலே ஒலிபெருக்கியில் பராசக்திப் பாட்டு ஒலித்தால், செக்கிங் மேசையில் நிற்கும் அம்மாவும் கூடவே முணுமுணுப்பார். யார் பாட்டு என்று கேளுங்கள். "சிவாஜி பாட்டு" என்பார்கள். வாயசைத்தவர் கணேசன், மெய்தான். குரல் கொடுத்தவர் சி. எஸ். ஜெயராமன். எழுதியவர், காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தொலைவிலுள்ள பூளவாடிக்காரர் என்பது அந்தத் தொழிலாளிக்கு எவரும் சொல்லாத செய்தி. குற்றம் அவருடையதன்று. ஆண்டுதோறும் மாலை சூட்டுவோர் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

அந்தக் காக்கைப் பாட்டையே சற்று நின்று பார்க்கவேண்டும். 1952-இல் வந்த படம். பட்டணத்தில் பொருளை இழந்து பசியோடு அலையும் குணசேகரன், கிடைத்ததை இனத்தோடு கூடி உண்ணும் காக்கைகளைக் காண்கிறான். மனிதனிடம் இந்தக் குணம் இல்லையே என்று பாடுகிறான். வள்ளுவர் கண்ட காக்கைதான் இது. புதிய கருத்தில்லை என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் காக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டல்லவா? திதி நாளில் கூரைமேல் சோறு வைத்து, செத்துப்போன பாட்டனை அழைப்பது போல் காக்கையை அழைக்கிறார்கள். புரோகிதர் தட்சணை பெறுகிறார், காக்கை பிண்டம் பெறுகிறது, தெருமுனையில் நிற்கும் பசித்தவன் ஒன்றும் பெறுவதில்லை. அந்தப் பறவையைப் பிதிர்லோகத்துத் தூதன் பதவியிலிருந்து இறக்கி, பகிர்ந்துண்ணும் பாடத்தை நடத்தும் ஆசிரியனாக்கிவிட்டார் நாராயணகவி. சடங்கைப் பற்றி ஒரு வசவுச்சொல் இல்லை. மேடையில் ஒரு மணி நேரம் முழங்கினாலும் ஏறாத கருத்து, காக்கையின் குரலில் குடிசைக்குள் நுழைந்துவிட்டது.

மறைந்தோரை நினைப்பது பற்றிப் பேசும்போது இந்தப் பாட்டை நாம் எடுத்ததற்குக் காரணம் இதுவே. பாட்டன் எங்கேயோ பசியோடு காத்திருக்கிறான் என்று நம்புகிறவன் சோற்றை ஓட்டின்மேல் வைக்கிறான். பாட்டன் போய்விட்டான், அவன் விட்டுச் சென்ற வேலை மிஞ்சியிருக்கிறது என்று அறிந்தவன் என்ன செய்யவேண்டும்?

1949-இல் வந்த நல்லதம்பி, அண்ணாவின் கதை. பாடல்கள் நாராயணகவி எழுதியவை. அதில் கலைவாணர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தைக் கேட்காத பகுத்தறிவாளர் அன்று இல்லை. பழைய கதையின் நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். தீக்குளித்துத் 'தூய்மை' பெற்றால்தான் உள்ளே விட்டார்கள். கிந்தன் போகத் துடிப்பது பள்ளிக்கூடத்துக்கு. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்புகிறான். எந்த நெருப்பிலும் இறங்கவில்லை. காலட்சேபம் என்ற அவர்களுடைய கருவியையே கையில் எடுத்து, தாளம் தவறாமல், சுருதி பிசகாமல், அவர்கள் கதையையே தலைகீழாக்கிய திறமை அது. அதே ஆண்டில் வந்த வேலைக்காரிக்கும் அவரே பாட்டெழுதினார்.

கிந்தன் படித்து எழுபது ஆண்டுக்குமேல் ஆயிற்று. 2016 மார்ச் 13 அன்று, அதே உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்துகொண்ட ஒரு பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். படித்த கிந்தன்தான் அவர். உடனிருந்த துணைவியும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். கவியின் மணிமண்டபம் இருக்கும் ஊர் அது. நினைவுக் கட்டுரை எழுதுவோர் அவ்வூரின் பெயரை எழுதும்போது இதையும் எழுதவேண்டாமா? எழுதினால் விழாவின் இனிமை கெடும் என்கிறார்கள். கெடட்டும்.

புகழ்வது மட்டுமே நினைவு என்போருக்கு இன்னொன்றையும் சொல்வோம். நல்லதம்பியில் மதுவிலக்குக்குத் துணை நின்ற அதே எழுதுகோல்தான் 1953-இல் தமிழில் வந்த தேவதாசுக்கும் பாட்டெழுதியது. காதலில் தோற்றவன் கோப்பையை ஏந்தி, உலகத்தையே பொய்யாகக் காண்கிறான். ஊரே கண்ணீர் விட்டது. மாயாவாதத்தைச் சங்கராச்சாரியைவிட மலிவாக விற்றது அந்தப் படம். கவியின் அன்பர்கள் இதை மறைக்கிறார்கள், அல்லது இதையும் தத்துவம் என்று தலையில் தூக்கி வைக்கிறார்கள். படத்தொழிலில் பாட்டு என்பது கேட்டுச் செய்யும் சரக்கு. கதை கேட்டபடி அளந்து தரவேண்டியிருந்தது. அதைச் சொல்வதால் நாராயணகவி சிறுத்துவிட மாட்டார்.

கலைவாணரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1957 ஆகஸ்ட் 30 அன்று, நாற்பத்தொன்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தார் என். எஸ். கிருஷ்ணன். அவரைப் பற்றிய கட்டுரைகளில் கொடைக் கதைகளே கொட்டிக் கிடக்கின்றன. ஆண்டு ஏற ஏற அவர் கொடுத்த தொகையும் ஏறிக்கொண்டே போகிறது! கொடுத்தவர்தான், ஐயமில்லை. ஆனால் கொடைக்கதை எவரையும் சுடாது. சனாதனியும் கண் கலங்கிப் படிப்பான். அவர் சிரிக்கவைத்தபோது எவருடைய முகம் சுருங்கியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானவர், வெளியே வந்ததும் கோயில் கோயிலாகச் சுற்றவில்லை, நல்லதம்பி எடுத்தார். 1969 சனவரி 14 அன்று நோய் முற்றிய நிலையிலும் அண்ணா வந்து சென்னையில் அவருடைய சிலையைத் திறந்து வைத்தார். இருபது நாளில் அண்ணாவும் மறைந்தார்.

எம். ஆர். ராதாவைக் குரல் வித்தைக்காரர்களிடம் விட்டுவிட்டோம். 1967 துப்பாக்கிச் சூடும் இரத்தக்கண்ணீர் இருமலும் போதும் என்று மக்கள் நினைக்கிறார்கள். 1954-இல் சென்னை அரசு நாடகங்களுக்குக் கடிவாளம் போடச் சட்டம் செய்ததே, அதற்குப் பின்னே அவருடைய இராமாயண நாடகம் நின்றது. ஒரு நடிகனுக்கு அஞ்சி ஓர் அரசு சட்டம் இயற்றியது! பெரியாரின் பிறந்தநாளான செப்டம்பர் 17 அன்று, 1979-இல் மறைந்தார். அந்தப் பொருத்தத்தைச் சிலர் தெய்வச் செயல் என்று எழுதியிருந்தால் ராதாவே எழுந்து வந்து பதில் சொல்லியிருப்பார்.

1959-இல் இருபத்துநான்கு நாள் இடைவெளியில் இருவர் போனார்கள். அக்டோபர் 8 அன்று பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வயது இருபத்தொன்பது. நவம்பர் 1 அன்று எம். கே. தியாகராச பாகவதர், வயது நாற்பத்தொன்பது. பாகவதரின் ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டது; கடைசியில் நீரிழிவு கண்பார்வையைக் குலைத்தது. இதை 'ஊழ்வினை' என்று எழுதியவர்கள் ஏராளம். நோய்க்குப் பெயர் இருக்கும்போது வினையைத் தேடுவானேன்? பட்டுக்கோட்டையாரோ, உழவன் தோளிலும் தொழிலாளி கையிலும் இருந்து பாட்டை எடுத்தவர். அவர் பொதுவுடைமையாளர், நம் கட்சியார் அல்லர் என்று ஒரு காலத்தில் நம்மில் சிலர் முகம் திருப்பியது வெட்கக்கேடு.

நினைவு எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்று கேட்போருக்கு, நம் இயக்கத்தைச் சேராத ஒருவரையே காட்டுவோம். புதுமைப்பித்தன், ராஜமுக்தி படத்துக்கு எழுதப் புனே போனார். காசநோய் முற்றி 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். மூன்றே ஆண்டில், 1951-இல், அவருடைய நண்பர் ரகுநாதன் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். நண்பரைத் தெய்வமாக்கவில்லை. வறுமையையும் வம்பையும் முன்கோபத்தையும் வைத்தே ஓர் ஆளை எழுப்பி நிறுத்தினார். நாராயணகவிக்கு அத்தகைய நூல் ஒன்றைச் செய்ய உடுமலையிலும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் படித்த இளைஞர்கள் இல்லையா? மேடைநாடகம் பார்த்த முதியோர் சிலர் இன்னும் இருப்பர். நாளைக்கு இருக்கமாட்டார்கள்.

தோழர்களே, பெரியாரும் அண்ணாவும் முதன்முதலில் சந்தித்தது 1930-களின் நடுவில் திருப்பூரில், ஓர் இளைஞர் மாநாட்டில். அந்தத் திருப்பூரில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம்மவரோடு ஒரே மேசையில் துணி வெட்டுகிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஏசும் வாயும் மாலையில் காக்கைப் பாட்டை முணுமுணுக்கிறது. அடுத்த மே 23 அன்று மணிமண்டபத்தோடு நின்றுவிடாமல், இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி வாசலில் அந்தப் பாட்டைப் போட்டு, எழுதியவர் பெயரைச் சொல்லி, பொருளை இந்தியிலும் ஒடியாவிலும் ஒருவர் எடுத்துரைக்கட்டும். செப்டம்பர் 25 அன்று உடுமலைப் பேருந்து நிலையத்தில் கிந்தன் கதையை யாராவது பாடட்டும். மாலைக்கு ஆகும் செலவிலேயே ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைக்கும்.