டூப்பு யாரு?

சுங்குவார்சத்திரம் டீக்கடையில், கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த பையன்களோடு நின்றுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். கார் ஒன்று சரிவு மேடையில் வேகமாக ஏறுது. காத்துல புரளுது. முகம் மண்ணுல குத்தி விழுது. ஆளுங்க ஓடுறாங்க. "எந்தப் படம்ணா இது?" என்றான் ஒரு பையன். உள்ளே இருந்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. படத்தின் பேரைத்தான் முதலில் தேடினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூலை 13. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் 'வேட்டுவம்' படப்பிடிப்பு. செத்தவர் எஸ்.எம். ராஜு என்கிற மோகன்ராஜ், 52 வயது, நம்ம காஞ்சிபுரத்துக்காரர். கார் தாவுவதிலும் கவிழ்ப்பதிலும் தேர்ந்தவர் என்று சினிமாக்காரர்களுக்கு மத்தியில் பேர் எடுத்தவர். தன் படங்களில் ஆபத்தான பல காட்சிகளை அவர் செய்து கொடுத்ததாக நடிகர் விஷால் இரங்கலில் சொன்னார். அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கேன், விசில் அடிச்சிருக்கேன். எந்தக் காருக்குள்ளே ராஜு இருந்தார்? தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் இலக்கணம். முகம் தெரிஞ்சுட்டா அந்த ஷாட் வேஸ்ட்டு.

நம்ம பேச்சில் 'டூப்பு' என்பதற்கு ரெண்டு அர்த்தம். ஒருத்தருக்குப் பதிலா விழுகிறவன் டூப்பு. பொய் சொன்னாலும் "டூப் விடாதடா" என்கிறோம். யோசிச்சுப் பார்த்தா, விழுந்தவன் உடம்பு நிஜம், அடிபட்ட எலும்பு நிஜம். அடுத்த ஷாட்டில் தூசி தட்டிக்கிட்டு எந்திரிக்கிற கதாநாயகன்தான் பொய். ஆனா பேரை மாத்தி வைத்திருக்கிறோம். உழைத்தவனைப் பொய் என்றும் பொய்யை நாயகன் என்றும் அழைப்பது இந்த நாட்டுக்குப் புதுசா என்ன?

விமர்சகர்களும் இதில் தப்பவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி எழுதி 1992இல் வந்த நூல், தமிழில் 'பிம்பச் சிறை', நாயகனின் வீரம் ஏழைகளின் மனதை எப்படிப் பிடித்தது என்று காட்டியது. முக்கியமான நூல். அந்த வழியில் நாமும் முப்பது வருசமாக நாயக பிம்பத்தைக் கட்டுடைத்துக்கொண்டே இருக்கிறோம். பிம்பத்துக்குப் பின்னால் விழுந்த உடம்பைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்?

எங்க பக்கத்திலேயே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் உண்டு. அங்கே காரை மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். உள்ளே மனுசன் இல்லை, பொம்மை. அதன் தலை, கழுத்து, நெஞ்சு, கால் எல்லாத்திலும் உணர்கருவி. எவ்வளவு அடி விழுந்தது என்பது எண்ணாகப் பதிவாகும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் விதிப்படி, முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். அந்த எண்களை வைத்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கார் வாங்குகிறவன் உயிருக்காக ஒரு பொம்மைக்கு இத்தனை கணக்கு. காரைக் கவிழ்க்கிற மனுசன் வாங்கிய அடிக்கு எந்த ஏட்டில் கணக்கு? நட்சத்திரம் வேறொருத்தருக்குப் போகிறது.

இது ஒரு நாள் விபத்து இல்லை. 2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் ஏழுமலை என்ற ஸ்டண்ட் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து செத்தார். அதற்கு முன், 2020 பிப்ரவரி 19 ராத்திரி, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். அது நடந்தது ஸ்ரீபெரும்புதூர் வருகிற நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் பக்கம் இருக்கிற ஈவிபி படப்பிடிப்புத் தளத்தில். 'பிக் பாஸ்' தமிழுக்கு வீடு போட்டதும் அங்கேதான். ஒவ்வொரு முறையும் இரங்கல், உதவித்தொகை, கொஞ்ச நாள் பேச்சு. ராஜு செத்த பிறகு, இந்தி நடிகர் அக்ஷய் குமார் நூற்றுக்கணக்கான ஸ்டண்ட் கலைஞர்களுக்குக் காப்பீடு ஏற்பாடு செய்திருப்பதாகச் செய்தி வந்தது. நல்ல மனசு, மறுக்கல. ஆனா ஒரு நட்சத்திரத்தின் மனசை நம்பியா ஒரு தொழிலாளியின் உயிர் இருக்கணும்?

விருதும் வந்துவிட்டது. 2017இல் முதன்முதலா சண்டை அமைப்புக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்கு. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஆஸ்கரும் உண்டு என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஆனா ரெண்டும் அமைத்தவருக்கு. விழுந்தவர் பேர், சனங்க எந்திரிச்சு வெளியே போகும்போது பொடி எழுத்தில் ஓடினால் உண்டு.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். 'வேட்டுவம்' பா. ரஞ்சித்தின் படம். அவர் நம்மவர். நம்ம சுவரை, நம்ம சாப்பாட்டை, அம்பேத்கர் படத்தைத் திரையில் தலை நிமிர்ந்து காட்டியவர். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. காட்சி திட்டமிட்டு, பாதுகாப்பு ஏற்பாடுகளோடுதான் எடுக்கப்பட்டது என்று அவருடைய நிறுவனம் அறிக்கை விட்டது. போலீஸ் அவர் மீதும் இன்னும் சிலர் மீதும் வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட் பார்க்கட்டும். இந்தச் சாவை வைத்து நம்மை அடிக்கக் கிளம்பியவர்களோடு சேர்ந்து கத்தவும் எனக்கு விருப்பமில்லை. முந்தைய சாவுகளுக்கு அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆனா அவர்களுக்குப் பயந்து நாமும் வாயை மூடினால், நமக்கென்று ஒரு விமர்சனம் எதுக்கு? ராஜு என்ன சாதி என்று நான் விசாரிக்கவில்லை, தேவையுமில்லை. ஆபத்தான வேலை ஒருத்தனுக்கு, பேர் இன்னொருத்தனுக்கு என்று பிரித்து வைப்பதே சாதியின் வேலைப் பிரிவினைதான். திரைக்குள்ளே அதை உடைத்தவர்கள் செட்டுக்குள்ளேயும் உடைக்க வேண்டும். மத்தவனிடம் இதை நான் எதிர்பார்க்கல. நம்மவரிடம்தான் உரிமையோடு கேட்க முடியும்.

கேட்பது பெருசு ஒன்றுமில்லை. "இப்ப வேண்டாம்" என்று சொல்ல, வண்டிக்குள் உட்காருகிறவனுக்கு அதிகாரம் இருக்கணும். சொன்னதுக்காக அடுத்த வேலை போகக் கூடாது. காப்பீடு சட்டப்படியான உரிமையாக வரணும். அப்புறம், டைட்டிலில் பேர். கடைசியில் இல்லை, முதலில், சனங்க உட்கார்ந்திருக்கும்போது.

அந்த வீடியோவில் எந்த நாயகன் முகமும் குறுக்கே வெட்டி ஒட்டப்படவில்லை. நான் பார்த்ததில், ராஜு கடைசிவரை ராஜுவாகவே இருந்த ஒரே காட்சி அதுதான். அதைப் பார்க்க அவர் சாக வேண்டியிருந்தது.