கேட்க ஆளில்லாத ஆய்வு

யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ஆய்வாளர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதல் வேலைக்கே அனுபவம் கேட்கிறார்கள். வேலை இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன: சான்றிதழ்ப் படிப்பு, பிரபலமான செயலி ஒன்றைத் தானே மாற்றி வடிவமைத்துக் காட்டுவது, தெரிந்த கடைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ சம்பளமில்லாமல் உழைப்பது, திறமூல மென்பொருளில் சேருவது, இப்போது பார்க்கும் வேலைக்குள்ளேயே ஆய்வைத் தொடங்குவது. எதைச் செய்தாலும் போர்ட்ஃபோலியோவில் ஒரு பக்கம் நிரம்பும். எல்லாமே அனுபவம்தான் என்று ஆறுதலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எடை போட ஒரு படிக்கல் வேண்டும். என்னுடையது இது: ஆய்வு முடிந்தபோது, அதைக் கேட்டுவிட்டு “இதைச் செய்ய முடியாது” என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருந்தாரா? கேள்வி கேட்கவும், குறிப்பெடுக்கவும், வகைபிரித்து ஒட்டுத்தாள்களைச் சுவரில் ஒட்டவும் எங்கும் பழகலாம். ஆனால் கண்டதை நம்ப மறுக்கிற ஒருவர் முன்னால் வைத்து வாதாடுவதற்கு அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும்.

இது வெறும் விருப்பு வெறுப்பு அல்ல என்பதற்கு, பயன்பாட்டுச் சோதனைக்கு “5 பேர் போதும்” என்ற மந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்த மாணவர் போர்ட்ஃபோலியோக்களில் இது இல்லாதது அபூர்வம். பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்வார் என்று கொண்டால், 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். இதை 2000இல் நீல்சன் எளிய கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையின் மறுபாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: 15 பேரை அழைக்க வசதி இருந்தால் அவர்களை மூன்று சுற்றாகப் பிரி, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வடிவமைப்பைத் திருத்து என்கிறார். அடுத்த ஆண்டே ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் விற்பனை இணையதளங்களைச் சோதித்துவிட்டு, முதல் 5 பேரில் 35 சதவீதச் சிக்கல்கள்தான் வந்தன என்றார்கள். யார் சொன்னது சரி என்பது பொருள் எவ்வளவு சிக்கலானது என்பதைப் பொறுத்தது. ஆனால் திருத்துவதற்கு ஆளில்லாத மாணவர் திட்டத்தில் இரண்டாம் சுற்றே கிடையாது. எந்த நிபந்தனையின் பேரில் 5 போதும் என்றார்களோ, அந்த நிபந்தனையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

சான்றிதழ்ப் படிப்பின் குறையும் இதுதான். 2021இல் கோர்செரா இணையக் கல்வித் தளத்தில் வந்த கூகுளின் யூஎக்ஸ் டிசைன் சான்றிதழ் ஒழுங்காகக் கட்டப்பட்ட பாடம். குறைந்த செலவில் சொற்களஞ்சியமும் முறைகளின் அறிமுகமும் கிடைக்கின்றன, போர்ட்ஃபோலியோவில் வைக்கச் சில திட்டங்களும் சேர்கின்றன. ஆனால் அந்தச் செயலிகளை யாரும் கட்டப்போவதில்லை. பயிற்சிகளைத் திருத்துபவர்களுக்கோ நம் முடிவால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சோதனைக்கு ஆள் தேடும்போது வீட்டில் இருப்பவர்கள்தான் சிக்குவார்கள். அத்தையிடம் போனைக் கொடுத்து “எப்படி இருக்கு?” என்றால், அவர் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டே “நல்லா இருக்குப்பா, நீ பண்ணதா?” என்பார். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற அன்பு அது. தரவாக அது செல்லாது.

செயலி மறுவடிவமைப்பு இதைவிட மோசம். ரயில் முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியைத் திருத்திக் காட்டாத மாணவரே இல்லை என்று சொல்லிவிடலாம்போல் இருக்கிறது. சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் உள்ள டிக்கெட் இயந்திரத்தையும் சிலர் விடுவதில்லை: எழுத்து சிறியது, படிகள் அதிகம், நிறம் சரியில்லை. அந்த இயந்திரத்தின் அருகே சற்று நேரம் நின்று பாருங்கள். பல நிலையங்களில் பக்கத்தில் ஓர் உதவியாளர் இருப்பார். பயணி ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் நான்கைந்து இடங்களைத் தொட்டிருக்கும், டிக்கெட் வந்திருக்கும். வரிசையில் நிற்பவர்கள் திரையைப் பார்ப்பதேயில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்படியானால் அந்தத் திரையின் பயனர் யார்? பயணியா, ஒரே நாளில் அதை எண்ணற்ற முறை தொடும் அந்த மனிதரா? 1980களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மானுடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் இரண்டிரண்டு பேரை நிறுத்திப் படம் பிடித்தபோது வெளிவந்ததும் இத்தகைய இடைவெளிதான். இயந்திரம் ஒரு திட்டத்தை எதிர்பார்க்கிறது, மனிதர்களோ அங்கங்கே கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். வீட்டு மேசையில் ஸ்கிரீன்ஷாட்டுகளை அடுக்கி நிறம் மாற்றுபவருக்கு இந்தக் கேள்வி எழாது. எழுந்தாலும் ரயில்வேயில் அதைக் கேட்க ஆளில்லை.

சம்பளமில்லாத சேவையில் எதிரே ஓர் ஆள் உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைத்ததை அவர் மறுப்பதுமில்லை, செய்வதுமில்லை. “ரொம்ப நல்லா இருக்கு தம்பி” என்று சொல்லி வைத்துக்கொள்வார். மாதக்கணக்கில் சும்மா உழைக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும் என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்காமல் இந்த வழியைப் பரிந்துரைப்பவர்கள்மீது எனக்குக் கோபமே உண்டு.

திறமூல மென்பொருள் இதைவிட எவ்வளவோ மேல். லினக்ஸ் மேசைத்தளமான குனோமில், 2010களின் நடுவில் அவுட்ரீச்சி திட்டம் வழியாக வந்த பயிற்சியாளர்கள் ஜிம் ஹால் போன்றோரின் வழிகாட்டலில் பயன்பாட்டுச் சோதனைகளை நடத்தினார்கள். உதவித்தொகையும் உண்டு. அங்கே வடிவமைப்பாளர் உண்மையானவர், பொதுவெளியிலேயே எதிர்வாதம் செய்வார். அந்த வாதம் பதிவாகவும் நிற்கும், வேலை தேடும்போது இணைப்பைக் கொடுத்தால் போதும். குறை என்னவென்றால் எல்லாத் திட்டங்களிலும் ஆய்வைக் கேட்கும் காது இல்லை. நிரலுக்கு இருக்கும் மரியாதை அறிக்கைக்குக் கிடைப்பதில்லை.

மிச்சமிருப்பது உள்ளிருந்தே தொடங்கும் வழி. பில்லிங் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப்பிரிவில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “பில் போட்டேன் மேடம், ஸ்டாக் கழியல” என்று ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பயனருக்குப் பயிற்சி போதாது என்று குறித்துப் புகார் டிக்கெட்டை மூடிவிடுவது வழக்கம். அவர் மூடிய டிக்கெட்டுகளைத் திரும்பப் படிக்கிறார், கடைக்காரர் சிலரிடம் பேசுகிறார், ஒரு கடையின் கல்லாப்பெட்டி அருகே போய் உட்காருகிறார். கடன் வாடிக்கையாளர் சாயங்காலம் பணம் தருவார் என்று கடைக்காரர் பில்லை வரைவாகவே வைத்திருப்பது அங்கேதான் தெரிகிறது. கடன் நோட்டில் எழுதுகிற பழக்கம் மென்பொருளுக்குள் வந்துவிட்டது. இதைக் கொண்டுபோனால் புராடக்ட் மேனேஜர் “நாலு கடை இப்படிப் பண்ணா அதுக்காக மாத்த முடியுமா?” என்பார். என் கணக்கில் அனுபவம் அங்கேதான் ஆரம்பமாகிறது. எத்தனை கடை, எந்த ஊர், மாற்றாவிட்டால் என்ன செலவு என்று திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. புகார் சொல்பவர்கள்தான் உதவிப்பிரிவுக்கு வருவார்கள், சத்தமில்லாமல் விலகிப்போனவர்கள் வருவதில்லை. அவர்களைத் தேடிப்போகாவிட்டால் ஆய்வு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் எதையும் வெளியே காட்டவும் முடியாது. “உன் வேலையை மட்டும் பார்” என்று மேலதிகாரி சொல்லவும் கூடும்.

இன்னொரு எச்சரிக்கை எல்லா வழிக்கும் பொருந்தும். பயன்பாட்டு ஆய்வாளர் ரோல்ஃப் மோலிக் 1998இல் ஹாட்மெயிலை ஒன்பது குழுக்களிடம் தனித்தனியே கொடுத்துச் சோதிக்கச் செய்தார். மொத்தம் 310 சிக்கல்கள் வந்தன. அவற்றில் முக்கால்வாசி ஒரே ஒரு குழுவின் கண்ணில் மட்டும் பட்டவை. தேர்ந்தவர்களுக்கே அப்படியென்றால், தனியாகப் பயிலும் ஒருவர் கண்டதை எதை வைத்துச் சரிபார்ப்பார்? ஒரே சோதனையை இரண்டு பேர் பார்த்து, பேசிக்கொள்ளாமல் பட்டியல் எழுதி, பிறகு ஒப்பிடுவது செலவில்லாத பயிற்சி. பாடத்திட்டங்களில் இதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுத்திருந்தால் பல போர்ட்ஃபோலியோக்களின் தன்னம்பிக்கை குறைந்திருக்கும், தரம் கூடியிருக்கும்.

தொழில்நுட்ப நிறுவனங்களின் 2022, 2023 ஆட்குறைப்பில் யூஎக்ஸ் ஆய்வாளர்களும் அடிபட்டார்கள். ஏர்பிஎன்பியில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்றிருந்த ஜட் ஆன்டின், பழியில் ஒரு பங்கை ஆய்வாளர்கள்மீதே 2023இல் வைத்தார். உடனடிப் பயன்பாட்டுக்கும் உதவாமல், பெரிய வணிக முடிவுக்கும் உதவாமல் நடுவில் நின்ற ஆய்வுகளைத்தான் அதிகம் செய்தோம் என்பது அவர் வாதம். வாசலில் நிற்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது, முடிவெடுக்கக் காத்திருப்பவருக்குப் பயன்படும் சிறிய ஆய்வே போதும் என்ற துணிவு.

ஆகவே என் தீர்ப்பு: பயனர்களைத் தொடும் எந்த வேலையாவது கையில் இருந்தால், உதவிப்பிரிவோ டெஸ்டிங்கோ விற்பனையோ, அதை விட்டுவிட்டுப் பூட்கேம்புக்குப் பணம் கட்டுவது தவறான பேரம். வேலையே இல்லாதவருக்குத் திறமூலத் திட்டம், அதிலும் உதவித்தொகை தருவது. சான்றிதழ் அரிச்சுவடிக்கு மட்டும். மறுவடிவமைப்பை அனுபவக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். இன்டர்ன்ஷிப் கிடைத்தால், சேரும் முன்பே என் ஆய்வை யார் கேட்பார் என்று கேட்டுவிட வேண்டும், பதில் இல்லையென்றால் அதுவும் சான்றிதழ்க் கணக்கில்தான் போகும். போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கத்தில் போட வேண்டியது ஏற்கப்பட்ட பரிந்துரை அல்ல, மறுக்கப்பட்டது: யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார், அதற்குப் பிறகு எந்தத் தரவைத் தேடிப்போனீர்கள்.