அலுமினியத்தின் அலைக்கோடுகளை ரசிப்பது எப்படி?

திடநிலை இயற்பியல் புத்தகங்களில் பலரும் அவசரமாகப் புரட்டிவிடும் படம் ஒன்று உண்டு. கீழ் மூலையில் கிளம்பி, மேலேறி, வளைந்து படுத்துவிடும் சில கோடுகள். அலுமினியப் படிகத்தின் அணுக்கள் எப்படியெல்லாம் கூடி அதிரலாம் என்பதன் பட்டியல் அது. அந்த அதிர்வு ஆற்றலின் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு ஃபோனான். கிடையச்சில் படிக உந்தம் (வலப்புறம் போகப்போக அலை குறுகும்), நிலையச்சில் அதிர்வெண்.

முதலில் மூலையைப் பாருங்கள். அங்கே கோடு நேர்கோடு. அதன் சாய்வே ஒலியின் வேகம். செங்குத்தாக ஏறுவது நெட்டலை, விநாடிக்கு 6 கி.மீ.க்கும் மேல். சாய்ந்து ஏறுவது குறுக்கலை, ஏறக்குறைய அதில் பாதி. படிகத்தின் கனசதுர அலகின் விளிம்புத் திசையில் இரண்டு கோடுகள்தான் தெரியும். குறுக்கலைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதே காரணம்.

அடுத்து வலது ஓரம். விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கோடி அதிர்வுகள் என்ற உயரத்தில் நெட்டலைக் கோடு தட்டையாகிறது. அடுத்தடுத்த அணுத்தளங்கள் எதிரெதிராக ஆடுகின்றன. அலை முன்னேறாமல் நின்ற இடத்திலேயே அதிர்கிறது.

ஓரத்தைத் தாண்டினால்? புதிதாக ஒன்றுமில்லை. அணு இருக்கும் இடத்தில் மட்டுமே அலைக்கு அர்த்தம் உண்டு என்பதால், ஓரத்து அலையைவிடக் குறுகிய அலையும் பழைய அலை ஒன்றாகவே கணக்காகும். கடிகாரத்தில் 10 மணியோடு 5 மணி நேரம் கூட்டினால் 3 வருவதுபோலத்தான் படிக உந்தத்தின் கூட்டல். கடிகாரத்தில் கழியும் 12-ஐப் போன்ற மிச்சத்தை மொத்தப் படிகமும் வாங்கிக்கொள்கிறது.

ஃபோனான்கள் சுமக்கும் வெப்பம் தடைபடுவதும் இந்த ஓரத்தில்தான் என்று 1929-இல் காட்டினார் ருடால்ஃப் பையர்ல்ஸ். வலப்புறம் ஓடும் இரு ஃபோனான்கள் சேர்ந்து ஓரத்தைத் தாண்டினால், பிறக்கும் ஃபோனான் இடப்புறம் ஓடலாம். வைரத்தில் கார்பன் அணு லேசானது, பிணைப்போ இறுக்கமானது. அறை வெப்பநிலையில் ஓரம்வரை எட்டும் ஃபோனான்கள் அதில் குறைவு. அதனால் வைரம் செம்பைப்போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் கடத்துகிறது. வைரத் தகட்டை விரலில் பிடித்துப் பனிக்கட்டியில் அழுத்தினால், விரலின் சூடே அதை வெட்டிவிடும்.

கடைசியாக, கோட்டின்மேல் உள்ள புள்ளிகள். 1950-களில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையிலிருந்து நியூட்ரான்களைப் பாய்ச்சி இவற்றை அளந்தார் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ். 1994-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நியூட்ரான் இழந்த ஆற்றல் புள்ளியின் உயரத்தைச் சொல்லும். இழந்த உந்தம், மிச்சம் போக, அதன் கிடை இடத்தைச் சொல்லும்.

இது பழகியதும் சமையல் உப்பின் வரைபடத்தை எடுங்கள். மூலையைத் தொடாமல் உயரத்திலேயே தொடங்கும் கோடுகள் இருக்கும். சோடியமும் குளோரினும் எதிரெதிராக ஆடும் அலைகள் அவை.