கவுன்சிலர்னா எந்த வார்டு?

அக்கா பொண்ணு எம்.எஸ்சி. உளவியல் முடிச்சிட்டு மரக்காணத்துல இருக்கா. "மாமா, ஸ்கூல் கவுன்சிலர் ஆகணும்னா இன்னும் என்ன படிக்கணும்?"னு போன்ல கேட்டா. பக்கத்துல இருந்த அக்கா, "கவுன்சிலரா? எந்த வார்டு?"ன்னது. சிரிச்சோம். ஆனா நம்ம பக்கம் அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தமே அதுதான். கவுன்சிலிங்னா இன்ஜினியரிங் சீட். நானும் அப்படி ஒரு கவுன்சிலிங்ல போய் உட்கார்ந்தவன்தான்.

ரெண்டு நாள்ல சொல்றேன்னு சொன்னேன். மூணு வாரம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் படிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

முதலில் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை 25 தீர்ப்பு, சுக்தேப் சாஹா வழக்கு. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவி இறந்ததை ஒட்டி வந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரை வைக்கணும். ஆசிரியர், ஊழியர் எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு முறை பயிற்சி தரணும். நல்ல விஷயம்தான். எங்க தொழில்ல இதை ஸ்பெக்னு சொல்லுவோம். ஆனா "பயிற்சி பெற்ற" என்றால் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்பது அதில் இல்லை. அந்த இடத்தை வாரக்கடைசி ஆன்லைன் சான்றிதழ்கூட நிரப்பிடும்.

அடுத்து என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமா. 6 மாதம் தொலைநிலை, 3 மாதம் நேரடி வகுப்பு, 3 மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி. தமிழ்நாட்டில் மையம் கிடையாது. நமக்குக் கிட்டம் மைசூர். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி 3 மாதம்தான். பயமும் அங்கேதான். மைசூரில் படிச்சுட்டு மரக்காணத்துக்கு வர்ற பொண்ணு தப்பு பண்ணினா, பக்கத்துல உட்கார்ந்து "இப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா"ன்னு சொல்ல ஆள் யாரு?

மென்பொருளை அதோட டெஸ்ட் கேஸை வெச்சுத்தான் எடை போடுவோம். பாடத்திட்டத்துக்கும் ஒண்ணு வெச்சுப் பார்க்கலாம். 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சுப் பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சது. குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்னு நாடு முழுக்கப் பேச்சு. அந்த ஜூனில் பள்ளி திறக்கும்போது, அப்பாவை இழந்த பிள்ளை ஒண்ணு எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால்? அதுக்குத் துக்கம் மட்டும் இல்லை, வெட்கமும் இருக்கும். அது வந்து "மனச்சோர்வு"ன்னு சொல்லாது. "வயித்த வலிக்குது டீச்சர்"னு சொல்லும். இழப்பைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கும். டீக்கடைப் பேச்சைக் காதில் வாங்கிட்டு வர்ற பிள்ளையிடம் முதல் வாக்கியம் என்ன பேசறதுங்கிறது நேரில் செஞ்சு, திருத்தப்பட்டுத்தான் வரும்.

இன்னொரு சின்ன உதாரணம். மார்ச்சில் பொதுத்தேர்வு, அதே சமயம் பாத்திகளில் உப்பு வாரும் வேலையும் நடக்கும். விடியறதுக்கு முன்னாடியே அம்மா அப்பா ரெண்டு பேரும் உப்பளத்துக்குப் போயிட்டா, தம்பி தங்கச்சியை யார் கிளப்பறது? பெரிய பிள்ளைதான். அதைத் "தேர்வு பயம்"னு எழுதிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தா எப்படி?

அமெரிக்காவில் சி.ஏ.சி.ஆர்.இ.பி. அங்கீகாரம் பெற்ற படிப்பில் 100 மணி நேரம் ஆரம்பப் பயிற்சி, அப்புறம் 600 மணி நேரம் களப்பயிற்சி. அதில் 240 மணி நேரம் நேரடியா ஆட்களோட. வாராவாரம் மேற்பார்வை. அப்படியே இங்கே கொண்டு வரணும்னு சொல்லலை. அங்கே எழுதி வெச்சிருக்காங்க, எண்ணிப் பார்க்க முடியுது.

படிச்சாலும் வேலை? தமிழ்நாட்டில் 2013 வாக்கில் நடமாடும் ஆலோசனை மையம் விட்டாங்க: 32 மாவட்டத்துக்கு 10 வேன். வேன் வர்ற அன்னிக்குப் பிள்ளைக்கு வயிறு வலிக்கணும்! 2022ல், கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பிறகு, நடமாடும் மருத்துவக் குழுக்களில் இருக்கும் சுமார் 800 மருத்துவர்களை வெச்சு ஆலோசனைன்னு அறிவிப்பு. ரெண்டுமே ஆள் வந்துட்டுப் போற ஏற்பாடு. பிள்ளைக்கு வேண்டியது தினமும் அதே காரிடார்ல பார்க்கிற முகம். ஆசிரியருக்கு டி.ஆர்.பி. தேர்வு இருக்கு, ஆலோசகருக்கு அப்படி ஒண்ணு வந்தாத்தான் என் மருமகள் மாதிரிப் பொண்ணுங்க ஒரு வருஷத்தைச் செலவழிக்கத் துணிவாங்க.

நேத்து போன் பண்ணினேன். மைசூர் டிப்ளமாவுக்கு விண்ணப்பிச்சு வை, ஆனா அதுக்கு முன்னாடி மேற்பார்வை கொடுக்கச் சம்மதிக்கிற ஒருத்தரைப் பாண்டிச்சேரியிலயோ விழுப்புரத்துலயோ தேடுன்னேன். "அவங்க ஃபீஸ் கேட்டா, மாமா?"ன்னா.

அது நியாயமான கேள்வி. முதல் ஆறு மாசம் நான் கட்டறேன்னு சொல்லியிருக்கேன்.