ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி சிவகாசிப் பக்கம் போனால் பட்டாசும் தீப்பெட்டியும்தான். ஒரு பண்டல் தீப்பெட்டி என்றால் 600 பெட்டி. 500-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 12, 600-க்கோ 24. அடுக்கிக் கட்டுகிறவருக்கும் பங்கு பிரிக்கிறவருக்கும் இது எவ்வளவு வசதி! பெரிய எண் ஒன்றைக் கண்டால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: எத்தனை விதமாகப் பிரியும்?

இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. லட்சம், கோடிப் பழக்கத்தைக் கொஞ்சம் மறந்து, மும்மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 293, 318, 625, 600. ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். 293-உம் 625-உம் சேர்ந்தால் 918. 318-உம் 600-உம் சேர்ந்தாலும் 918! இரண்டும் சமமானால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. ஒரே கூட்டலில் மூன்று பகா எண்கள் சிக்கிவிட்டன. கால்குலேட்டரைத் தட்டியிருந்தால் இந்தச் சுகம் கிடைத்திருக்காது.

முழுக்கப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படிப்பட்டவைதான் உயர் பகு எண்கள்.

அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இறங்குகிறதே தவிர ஏறவே இல்லை. ஏன்? 2-ஐவிட 3 அதிக முறை வந்தால், இரண்டின் அடுக்குகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும். பழைய எண்ணின் பட்டம் பறிபோகும். நிரூபணம் அவ்வளவுதான். இங்கே அவசரப்படாமல் நின்று ரசிக்க வேண்டும்.

ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் தந்த பட்டத்துக்கு அதுவே அடிப்படை. அவர் போட்ட பட்டியல் 6746328388800 வரை போகிறது. நடுவில் ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது. அது நம்முடைய இந்த எண்தான். அதைப் பெரிய பிழையாகச் சிலர் சொல்வதுண்டு. கைக்கணக்கில் அவ்வளவு தூரம் போனவர் ஒன்றைத்தான் விட்டார் என்பதே எனக்கு வியப்பு. வேடிக்கை என்னவென்றால், விடுபட்டதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது.

இன்னும் ஆசை இருந்தால் 5040-இன் காரணிகளை எண்ணுங்கள்: 60. அறுபதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. இவை எல்லாமே உயர் பகு எண்கள். சரவெடி மாதிரி வரிசையாக வெடித்துக்கொண்டு வந்து, நான்கின் காரணிகளின் எண்ணிக்கையான 3-இல் மட்டும் நமத்துப் போகிறது.