பின்னட்டையில் இல்லாத பெயர்கள்

பழைய இசைத்தட்டு தேடி அலைகிறவர்களிடம் சில சொற்கள் மந்திரம்போல் புழங்குகின்றன: முதல் அச்சு, மூல நாடா, இதுவரை வெளிவராத பதிவு. இந்தச் சொல்லாடலை உலகெங்கும் பரப்பியதில் ராக் இசை ரசிகர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஒரு பாட்டைப் பதினைந்து தடவை பாடிப் பார்த்திருந்தால் பதினைந்தும் வேண்டும் அவர்களுக்கு. பாப் டிலன் 1965, 1966இல் ஸ்டுடியோவில் பதிந்தவற்றை 2015இல் 18 குறுந்தட்டுகள் கொண்ட பெட்டியாகப் போட்டார்கள். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டு உருவான விதத்துக்கு மட்டும் அதில் ஒரு முழுத் தட்டு. அந்தப் பாட்டை முதலில் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் போட்டுப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார் மனுஷன். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வக்கில்லாமல், வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்து கேட்கிற ஜாதி நான்.

இந்தப் பித்தை மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, பண்ட வழிபாடு என்று சொல்லி ஒதுக்குவது தோழர்களுக்குச் சுலபம். பண்ட வழிபாடுதான், சந்தேகமில்லை. ஆனால் பண்டத்தை வழிபடுகிறவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், பின்னட்டையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், இதைச் செய்தது யார் என்று கேட்க ஆரம்பிக்கிறான். அரசியல் விமர்சகர்கள் கேட்க மறந்த கேள்வி அது.

டெட்ராய்ட் கார்கள் செய்கிற ஊர். ஃபோர்டு நிறுவனத்துக் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரி கோர்டி என்ற கறுப்பர் 1959இல் அங்கே தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனிதான் மோடவுன். அதன் பாட்டுகளில் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் வாசித்த கூட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட அவர்களின் பெயர்கள் உறையில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் முதன்முதலாக அந்தக் கௌரவம் கிடைத்தது. பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983இல் செத்துப்போனார். ராக் இசைக்கான கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2000இல். அந்தக் கூட்டத்தைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல். பித்துப் பிடித்த ரசிகர்களும் மறுவெளியீட்டுக்காரர்களும் 'யார் வாசித்தது' என்று குடைந்துகொண்டே இருந்திராவிட்டால் இதுவும் நடந்திருக்காது.

எங்கள் பக்கமும் மோட்டார் பூமிதான். 1980களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஓசூர் வளர்ந்தது. பேரிகை மாதிரிச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஷிப்ட்டுக்குப் போனவர்கள் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து 60, 90 நிமிஷக் காசெட்டுகளில் பாட்டு பதிந்து வாங்கினார்கள். இங்கே ஒரே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுவார்கள். ஆகவே 'அசல்' என்கிற பேச்சே இந்த எல்லையில் கொஞ்சம் தடுமாறும். 'நூறாவது நாள்' (1984) படத்தின் 'விழியிலே மணி விழியில்' பாட்டைத் தமிழர்கள் அசல் என்பார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். அந்த மெட்டை அவர்கள் 1981இல் சங்கர் நாகின் 'கீதா'விலேயே கன்னடத்தில் கேட்டுவிட்டார்கள். இசை இரண்டுக்கும் இளையராஜாதான். முதல் அச்சைத் தேடுகிறவர் எந்த மாநிலத்தில் போய்த் தேடுவார்?

பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்கிற மறுவெளியீட்டு நிறுவனம் ராஜாவின் 1977-1983 காலப் பாட்டுகளைத் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்று வெளியிட்டது. 'கோலிவுட்டின் மின்னணு பாப் ஒலி' என்பதாக அதன் துணைத்தலைப்பு. நமக்கு டீக்கடைப் பாட்டு, அவர்களுக்கு அபூர்வப் பதிவு. இதில் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. சின்தசைசரையும் டிரம்ஸையும் அந்தக் காதுகள் கவனித்த அளவுக்கு நம் சினிமா விமர்சனம் கவனித்ததில்லை. ஆனால் மெச்சுகிறபோது அவர்களும் நம் ரசிகர்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: ஒற்றை மேதை.

இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. 1976இல் 'அன்னக்கிளி' வழியாகப் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவரின் பெயர் இசைத்தட்டில் ஏறியது சாதாரண விஷயமல்ல. சாதியச் சமூகத்தில் அந்தப் பெயர் நிலைத்ததே ஓர் அரசியல் நிகழ்வு. அதை ஒரு எழுத்துகூடக் குறைக்கச் சொல்லவில்லை நான். பக்கத்தில் இன்னும் சில பெயர்களுக்கு இடம் கேட்கிறேன். 'இளைய நிலா'வை (பயணங்கள் முடிவதில்லை, 1982) எடுத்துக்கொள்வோம். பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது கிடார். வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எத்தனை பேருக்குத் தெரியும்? பேஸில் சசிதரன், கீபோர்டில் விஜி மானுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், குழலில் நெப்போலியன், இன்னொரு கிடாரில் சதானந்தம் - ஒரு தலைமுறையின் காதைச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள். 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வாசித்ததால் வி.எஸ். நரசிம்மனின் வயலினை ரசிகர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். அதே வில் சினிமாப் பாட்டுக்குள் போனால் வெறும் 'வயலின்' ஆகிவிடுகிறது.

'ராஜா எல்லாருக்கும் தன் கையாலேயே நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார், வாசித்தது யாராயிருந்தால் என்ன' என்பார்கள். நாடக ஆசிரியன் வசனம் எழுதிக் கொடுத்துவிட்டான், நடித்தது யாராயிருந்தால் என்ன என்று கேட்போமா? விரல் அழுத்தம், ஒரு ஸ்வரத்தை விடுவதற்கு முன் எடுத்துக்கொள்கிற அரை நொடி, இவை எந்தத் தாளிலும் இல்லை.

பெயர் வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியைப் பறிக்க முடியாத உரிமையாக்கியது. அடுத்த வருஷமே பாடகர்கள் தங்களுக்கென ஓர் உரிமைச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையிலோ இருந்து, தொழில் வழக்கப்படி படத்தில் பெயரும் குறிப்பிடப்படாதவரைக் கலைஞராகக் கருத வேண்டியதில்லை, தன் நிகழ்த்துதல் சிதைக்கப்பட்டால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவே. 'துணைநிலை' என்று யாரைச் சொல்வது என்பதில் வழக்காட இடமுண்டு. ஆனால் விதியின் போக்கைக் கவனியுங்கள். பெயர் போடாத வழக்கத்தை உருவாக்கியது தொழில்; அந்த வழக்கத்தையே சாட்சியாக வைத்துக்கொண்டு உரிமை இல்லை என்கிறது சட்டம்.

சென்னையில் சினிமா இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டியதில் முன்னின்றவர் எம்.பி. சீனிவாசன். நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர், கம்யூனிஸ்ட். கூலியைச் சங்கம் பேசியது. பின்னட்டையைப் பற்றி நம் இடதுசாரிக் கலை விமர்சனம் பேசியதாக நான் படித்ததில்லை.

இப்போது வினைல் மறுபடி மோஸ்தராகிவிட்டது. இரைச்சலை வடிகட்டி, பேஸை ஏற்றி, வழவழ அட்டையில் பழைய படங்களை மறுபடி அச்சடித்துத் தருகிறார்கள். நான் வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன். படம், பாட்டு, பாடியவர், எழுதியவர், இசை. அதற்குக் கீழே எத்தனையோ வரிகளுக்கு வெற்றிடம் கிடக்கிறது. எந்தப் பாட்டில் எவர் வாசித்தார் என்று சொல்லக்கூடியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. டேப் ரெக்கார்டர் வேண்டியதில்லை, போனே போதும், போய் உட்கார்ந்து பாட்டைப் போட்டுக் காட்டிக் கேட்பதற்கு.