பெரியாழ்வார் திருமொழியில் குழந்தை வளர்ப்பின் நகைச்சுவை

பெரியாழ்வார் திருமொழி நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இடம்பெறும் நூல். திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களையும் சேர்த்தால் பெரியாழ்வார் பாடியவை 473 பாசுரங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார், யசோதையின் இடத்தில் தம்மை வைத்துக் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பாடினார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு இந்நூலை முன்னோடியாகக் கொள்வது வழக்கம்.

இந்நூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பக்தியையும் தாயன்பையும் சுற்றியே அமைகிறது. இவ்விரண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது ஒன்றும் இதில் உண்டு. அது பிள்ளை வளர்ப்பவளின் அலுப்பு. பெரியாழ்வாரின் நகைச்சுவை அந்த அலுப்பிலிருந்துதான் பிறக்கிறது.

தாயின் அலுப்பு

முதல் திருமொழியிலேயே இதைக் காணலாம். கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தில் ஆயர்பாடி எண்ணெயும் மஞ்சள் சுண்ணமுமாகச் சேறாகிக் கிடக்கிறது. அந்தக் கொண்டாட்டத்தின் முடிவில் யசோதை இன்னொரு பெண்ணிடம் தன் பாட்டைச் சொல்கிறாள். தொட்டிலில் விட்டால் அது கிழியும்படி உதைக்கிறான். எடுத்து இடுப்பில் வைத்தால் இடுப்பு ஒடிகிறது. இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். இவனோடு ஈடுகொடுக்கத் தெம்பில்லாமல் நான் மெலிந்துபோனேன் என்கிறாள்.

கிடத்துவது, எடுப்பது, அணைப்பது ஆகிய மூன்றுமே கைக்குழந்தையை அமைதிப்படுத்தத் தாய்க்குத் தெரிந்த வழிகள். மூன்றும் வரிசையாகத் தோற்கின்றன. தாய் இங்கே தெய்வத்தாயாக உயர்த்தப்படவில்லை. தூக்கமில்லாத ஒரு பெண்ணாக நிற்கிறாள். அவள் புலம்பலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருப்பதைக் கேட்பவர் உணர முடியும்.

காதுகுத்தும் குளியலும்

இரண்டாம் பத்தில் காது குத்தும் திருமொழி ஒரு பேரம் போலவே நடக்கிறது. வைணவர் ஓதும் பன்னிரு திருநாமங்களையும் பாசுரத்துக்கு ஒன்றாகச் சொல்லித் தாய் மகனை அழைக்கிறாள். வழிபாட்டுக்குரிய பெயர்கள், காது குத்துவதற்கு ஓடிப்போகும் பையனைப் பிடிக்கப் பயன்படுகின்றன. தின்பண்டம் தருவதாகச் சொல்கிறாள். சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதைப் பார் என்று ஒப்பிட்டுக் காட்டுகிறாள். வலிக்குமே என்று முன்பே செய்யாமல் விட்டது என் தவறுதான் என்று தன்னையும் நொந்துகொள்கிறாள்.

பையன் பழைய கணக்கை எடுக்கிறான். யாரோ சொன்னதை நம்பி, வெண்ணெய் திருடினேன் என்று என்னை எல்லோரும் பார்க்க உரலில் கட்டினாயே என்கிறான். நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால் காதுத் துளை தூர்ந்துவிடும் என்று தாய் பேச்சை மாற்றுகிறாள். அவனுக்கு அவள் பதில் சொல்லவில்லை என்பதுதான் இப்பகுதியின் நயம்.

நீராட்டத் திருமொழியில் எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு தாய் நெடுநேரம் காத்திருக்கிறாள். வெண்ணெய் நாற்றமும் புழுதியுமாக இன்றிரவு படுக்க விடமாட்டேன் என்கிறாள். கன்றுகளின் காதில் கட்டெறும்பைப் பிடித்துப் போட்டு விரட்டுகிறாயே, அவை சிதறிக் காணாமல் போனால் எப்படி வெண்ணெய் விழுங்குவாய் பார்க்கிறேன் என்று அதட்டுகிறாள். அதே பாசுரத்தில் மராமரத்தைச் சாய்த்த வீரமும் வருகிறது. இன்று உன் பிறந்தநாளான திருவோணம், குளித்தாக வேண்டும் என்பதும் வருகிறது. மரத்தைச் சாய்த்தவனைக் குளியலுக்கு இணங்க வைக்க முடியவில்லை.

இத்திருமொழியின் இன்னொரு பாசுரத்தில் தொழுவத்தில் புரண்டு புழுதி படிந்த உடம்பைக் காண எனக்குப் பெரும் மகிழ்ச்சிதான் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆனாலும் கண்டவர்கள் பழிப்பார்களே, நப்பின்னை பார்த்தால் சிரிப்பாளே என்கிறாள். குளிப்பாட்டும் அவசரத்தில் பாதி ஊர்வாய்க்கு அஞ்சியது. இதைத் தாயே சொல்லும்படி வைத்தது கவிஞரின் நுட்பமான கவனிப்பு.

அண்டை வீட்டார் முறையீடு

இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில் ஊர்ப்பெண்கள் யசோதையிடம் குறை சொல்ல வருகிறார்கள். வெண்ணெயை விழுங்கிவிட்டு, வெறும் பானையைக் கல்லில் போட்டு உடைத்து, அந்த ஓசையைக் கேட்டு மகிழ்கிறான் என்கிறாள் ஒருத்தி. குழந்தை பொருளைக் கீழே போட்டுச் சத்தம் கேட்பது எந்த வீட்டிலும் நடப்பது. இன்னொருத்தி பாலை அடுப்பில் ஏற்றி, மகளைக் காவல் வைத்து, நெருப்பு வாங்க அடுத்த வீட்டுக்குப் போகிறாள். ஒரு கணம்தான் அங்கே பேசி நின்றேன், அதற்குள் பாலைச் சாய்த்துக் குடித்துவிட்டான் என்கிறாள். அந்த ஒரு கணம் எவ்வளவு நீண்டிருக்கும் என்று வாசகர் ஊகிக்கலாம்.

வேறொருத்தியின் மகளுடைய கைவளையைக் கழற்றி, பழம் விற்பவளிடம் கொடுத்து நாவற்பழம் வாங்கிவிட்டு, நான் இல்லை என்று சிரிக்கிறான். நாவற்பழம் தின்ற வாய் பொய்யை மறைக்காது. கவிஞர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

பிற்காலப் பிள்ளைத்தமிழ்

பின்னர் பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி எனப் பத்துப் பருவங்களாக இலக்கணம் பெற்றது. காதுகுத்துக்கும் அண்டை வீட்டார் சண்டைக்கும் அதில் தனிப் பருவம் இல்லை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் நீராடல் பருவம் உண்டு. ஆனால் அது வைகையில் ஆடும் புனலாட்டம். எண்ணெயோடு காத்திருக்கும் தாய் அங்கே இல்லை. சந்தமும் கற்பனையும் வளர்ந்த அளவுக்கு வீட்டுக்குள் நடக்கும் கூத்து குறைந்துபோனது.

குறைகளும் மதிப்பீடும்

பெரியாழ்வாரின் நகைச்சுவைக்கும் எல்லைகள் உண்டு. பிள்ளை தெய்வம் என்பதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் வீட்டில் இந்தச் சிரிப்பு எழாது. வளர்ப்பு வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுகிறது. நந்தகோபனின் பெயர் வருகிறது. எண்ணெயோடு காத்திருக்க அவர் வருவதில்லை. பாடியவர் ஆண் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்தும். அதே நேரத்தில், ஆண்டாளைத் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் அவரே என்று வைணவ மரபு சொல்வதையும் மறக்க முடியாது.

இக்குறைகளை மீறி நூலை நிறுத்துவது மூன்றாம் பத்தின் இரண்டாம் திருமொழி. யசோதை மகனைக் கன்று மேய்க்க அனுப்பிவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. இப்போது அவள் வருந்துகிறாள்: சிறுமியரின் சிற்றிலைச் சிதைத்து, ஊரெங்கும் தீம்பு செய்து திரிய விடாமல் காட்டுக்கு ஏன் அனுப்பினேன்? குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே! முன்பு அலுத்துக்கொண்ட அதே குறும்புகளை அவள் இப்போது தேடுகிறாள். முறையீடுகளைப் படித்துச் சிரித்த வாசகருக்குத்தான் இந்த வருத்தத்தின் முழு எடையும் தெரியும்.